இல்லாத வேலை போன கதை

வேலையில்லாமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் வேலையில்லாதவன் என்று அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைக்க மாடாக உழைக்க வேண்டும். நான் பி.எட். முடித்த கையோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தவன். அந்தப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்தவன். பதிந்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டு, அவசரப்பட்டு நாலாவது வருஷமே போய் நின்றேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா என் பதிவு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷம் கெடக்கே தம்பி. அதுவரைக்கும் சும்மா இருந்துட்டு வாங்க."

சும்மா இரு என்று என்னை வாழ்த்தி அனுப்பிய ஒரே ஆள் அவர்தான். அவர் சொன்னபடியே செய்தேன். அடுத்த வருஷம் போனபோது விண்ணப்பத்தை இலவசமாகக் கொடுத்து, நகத்தால் ஒவ்வொரு வரியாகக் காட்டி விளக்கினார். குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். சொந்தத் தொழில் கூடாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கக் கூடாது. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று வரிசையாக மூன்று பேர் நம் ஏழ்மையைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். கடைசியாக வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல்.

"வருஷத்துக்கு ஒருவாட்டி உறுதிமொழிப் படிவம் குடுக்கணும். இன்னும் வேலை கெடைக்கலைன்னு. உங்க ஊரு வி.ஏ.ஓ. கையெழுத்தோட. அதை விட்டீங்கன்னா பணம் நின்னுரும், யாரும் கூப்ட்டுச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

பணம் வந்தாலும் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கணக்கில் விழும் என்றார்கள். எந்த நாளில் என்று கேட்டால் 'ஃபண்டு வரணும்' என்பார்கள். கணக்கோடு இணைத்திருந்தது அப்பாவின் பழைய கைப்பேசி எண். அந்தக் கைப்பேசி குடமுருட்டி ஆற்றுக்குள் போய் வருஷங்களாகிவிட்டது. ஆகவே பாபநாசத்துக்குப் போய், வங்கி வாசலில் புத்தகத்தில் அச்சடிக்கும் இயந்திரத்துக்குள் என் புத்தகத்தைச் செருகி, அது கரகரவென்று கத்தி முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பலமுறை வட்டி என்று ஒரு வரி மட்டும் அடித்துத் துப்பும். ஒருநாள் பணமும் வந்தது.

அது என்ன பெரிய பணம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது. அவரிடம் எதற்குக் காசு கேட்டாலும் முதலில் "எதுக்கு?" என்பார். பஸ்ஸுக்கு என்றால் எங்கே போக, தேர்வுக் கட்டணம் என்றால் போன தேர்வு என்ன ஆச்சு, முடி வெட்ட என்றால் போன மாதம்தானே வெட்டினாய். அவர் கெட்டவரில்லை. நெல் போட்டு, தண்ணீருக்குக் காத்திருந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு படுத்துக் கிடந்து வாங்கும் காசு அது. ஆனாலும் முப்பது வயதுக்காரன் தன் தலைமுடிக்குக் கணக்குச் சொல்வது அசிங்கம். அந்த முதல் பணம் வந்த அன்று நான் யாரையும் கேட்காமல் போய் முடி வெட்டிக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. கடைக்காரர் கண்ணில் முடி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

இரண்டாவது வருஷ உறுதிமொழி கொடுக்க வேண்டிய சமயத்தில்தான் தங்கைக்கு வரன் வந்தது. மன்னார்குடிப் பக்கம். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் நல்ல வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அளந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார்.

"மூத்தவரு என்ன பண்றாரு?"

இந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பையன் சம்பாதிக்கவில்லை என்றால் பெற்றவர்கள் நாளைக்கு மருமகன் தலையில்தான் விழுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "கும்பகோணத்துல கம்பெனில மேனேஜரா இருக்கான்" என்றார்.

என்ன கம்பெனி என்று தெரிந்துகொள்ள அவர்களைவிட எனக்குத்தான் ஆவலாக இருந்தது. அப்பாவின் கண் கூடத்தில் இருந்த குத்துவிளக்கில் போய் நின்றது. "பித்தளை சாமான் ஏத்துமதிங்க" என்றார். அம்மா கேசரித் தட்டை இன்னொரு சுற்று நீட்டினாள்.

அப்பாவின் அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பாவும் சின்ன வயதில் அதே பண்ணையில் நாற்றுப் பறித்தவர்தான். பிறகு ஒரு மா, இரண்டு மா என்று கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார், எங்களைப் படிக்க வைத்தார். அவர் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் பக்கத்து ஆட்கள் யார் பெயருக்குப் பின்னாலும் ஓர் எழுத்துகூடக் கிடையாது, வெறும் பெயர்கள். இப்போது பத்திரிகை என்றால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் படிப்பும் உத்தியோகமும் வரவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் சட்டை போடாமல் பந்தலில் நிற்பது போல இருக்கும். அச்சகத்துக்காரர் என் பெயருக்குப் பின்னால் பி.எட். என்று அடித்துவிட்டு, "அப்புறம்?" என்று நிமிர்ந்தார். அப்பா "மேலாளர்" என்றார். பஸ் நிறுத்தத்தில் வைத்த பிளெக்ஸிலும் அதே மேலாளர். அதில் நான் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்குள் போனது போலவே ஒன்று.

பத்திரிகை வைப்பதில் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. குலதெய்வத்துக்கு முதலில், தாய்மாமனுக்கு அடுத்தது, அதன் பிறகு ஊரில் கௌரவமானவர்களுக்கு வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்பது. கௌரவமானவர்களில் முதல் ஆள் கிராம நிர்வாக அலுவலர். எங்கள் தாத்தா அந்த ஆபீஸ் வாசற்படிக்கு வெளியே கைகட்டி நின்றவர். அப்பா தட்டோடு உள்ளே போய், அவர் உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்து, மகனின் உத்தியோகம் அச்சடித்த பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. நான் வேலையில்லாதவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே ஆள்தான் என்பது அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அந்த வாரக் கடைசியில் உறுதிமொழிப் படிவத்தோடு அவர் மேஜை முன்னால் போய் நிற்கும்வரை.

"வாங்க மேனேஜர்" என்றார்.

குறுவை அறுவடை சமயம். கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குச் சிட்டா அடங்கல் வாங்க வந்தவர்கள் அறை நிறைய நின்றார்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எங்கள் வீட்டுப் பத்திரிகை, மூலையில் தடவிய மஞ்சள்கூடக் காயாமல் இருந்தது. அவர் என் படிவத்தை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'நான் அரசுப் பணியிலோ தனியார் பணியிலோ இல்லை என உறுதி கூறுகிறேன்.' தம்பி, இங்க மேலாளர்னு போட்டிருக்கே. அச்சகத்துக்காரன் தப்பா அடிச்சிட்டானா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் பங்காளி ஒருவரும் அதில் இருந்தார். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்" என்றேன், மெதுவாக.

"தெரியும். அதான் பிரச்சினையே. மன்னார்குடிக்காரங்க விசாரிக்க நேரா எங்கிட்டதான் வந்தாங்க. கவர்மென்ட் ஆளு சொன்னா சரியா இருக்கும்னு. உங்கப்பா அதுக்கு முன்னாடியே வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. ஒரு பொண்ணு கல்யாணமாச்சேன்னு நானும் தங்கமான பையன், மேனேஜர், கை நெறைய சம்பளம்னு சொல்லி அனுப்புனேன். கை நெறையங்கறது நானா சேத்தது. இப்ப என் வாயால சொன்னதை என் கையாலயே மாத்தி எழுதுங்கறீங்க. நாளைக்கு அவங்க காதுக்குப் போனா என் பேச்சு என்ன ஆவுறது?"

அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்திருந்தார். அந்த நல்லதை வைத்தே என்னை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பண்ணுங்க" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார். "கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் வேலைய விடுங்க. ஊருக்கே தெரியற மாதிரி விடுங்க. அந்த நிமிஷமே போட்டுத் தர்றேன்."

வெளியே வரும்போது பங்காளி என் தோளில் தட்டி, "கம்பெனில நம்ம பயலுக்கும் ஒரு எடம் பாருங்க மேனேஜர்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையில் இருந்த அடங்கலைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அவர் நெல்லுக்கு என்ன ஆகும் என்று நினைத்துத்தான் விட்டேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அவர் என்னைவிட ஆள் வாட்டசாட்டம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். அவர் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பிச்சக்காசு பெருசா, தங்கச்சி கழுத்துல ஏறப் போற தாலி பெருசாடா?" என்றார். பந்தல்காரன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுற்றினான்.

கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. நான் மேலாளராகப் பந்தியில் நின்று "சாம்பார் போடுங்க, ரசம் போடுங்க" என்று மேலாண்மை செய்தேன். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன், என்னைவிட வயதில் மூத்தவர், பிளாஸ்டிக் உறையில் தன் விவரங்களைப் போட்டு எடுத்து வந்து மண்டபத்து ஓரத்தில் என்னிடம் நீட்டினார். நான் நிதானமாகப் படித்தேன். "ஏற்றுமதியில அனுபவம் இல்லையேங்க, இப்ப ஆள் எடுக்கற மாதிரி இல்ல" என்றேன். பல வருஷமாக எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கல்யாணத்தில் பாயசத்துக்கு அடுத்தபடி எனக்கு ருசித்தது அதுதான்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் வேலையை விடுகிறேன் என்றேன். அப்பா பதறிப்போனார். "தலை தீபாவளி வருது. மாப்ள முன்னாடி வேலையில்லாம நிப்பியா?" தீபாவளி போனது. பொங்கல் சீர் போகட்டும் என்றார். பொங்கல் போனது. தங்கை உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடியட்டும் என்றார். நிஜமான வேலைக்குக்கூட இத்தனை நீட்டிப்பு யாருக்கும் கிடைத்திருக்காது. தங்கை வேறு அங்கிருந்து போன் பண்ணி, "பகல்ல எனக்குப் போன் பண்ணாதண்ணே. ஆபீஸ் நேரத்துல எப்புடிப் பேசறாருன்னு அத்தை கேக்குறாங்க" என்றாள். சம்பந்தி வீட்டு ஆட்கள் எந்தப் பஸ்ஸில் வந்து இறங்குவார்களோ என்று நான் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கும்பகோணம் போய், நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் களைத்துத் திரும்பினேன். களைப்பு மட்டும் நிஜம். போக வர பஸ்ஸுக்கு மேலாளர் தினமும் அப்பாவிடம் காசு கேட்டார். அப்பா தினமும் "எதுக்கு?" என்றார்.

பணம் நின்றுவிட்டது. தெரிந்திருந்தும் பாபநாசத்துக்குப் போய்ப் புத்தகத்தைச் செருகிப் பார்ப்பதை நான் விடவில்லை. வட்டி, வட்டி, பிறகு வட்டியும் தேய்ந்து சில்லறையானது. ஒருநாள் தஞ்சாவூருக்கே போனேன். ஜன்னலம்மா கணினியில் என் எண்ணைத் தட்டினார்.

"உறுதிமொழி வரலையே தம்பி, நிறுத்திட்டாங்க. வேலை கெடச்சிருச்சாக்கும்னு நெனச்சேன். சந்தோசமாக்கூட இருந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இப்பக் குடுத்தாலும் இனிமே உள்ளதுதான் வரும். விட்டுப்போன மாசம் போனதுதான். ரொம்ப நாள் தள்ளுனா அதுவும் கஷ்டம். சீக்கிரம் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

எனக்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளையும் ஏமாற்றிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது துக்கமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், வளைகாப்பு முடிந்த வாரம் வேலை போகிறது, தடுத்தால் நானே மன்னார்குடிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். அப்பா ஒத்துக்கொண்டார்.

வளைகாப்பு முடிந்து தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். என் வேலை எப்படிப் போக வேண்டும் என்று அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கம்பெனியில் என்னைக் கலந்துகொள்ளாமலேயே வேலைக்குச் சேர்த்தார்கள், கலந்துகொள்ளாமலேயே நிறுத்தினார்கள். கம்பெனியையே மூடிவிட்டதாகச் சொல்லலாம், அதில் அவமானம் இல்லை என்றார் அப்பா.

"மூடிட்டாங்கன்னா எங்க மாமா கும்பகோணம் போறப்ப நேர்ல போய்ப் பாப்பாங்க" என்றாள் தங்கை. வயிற்றின் மேல் கண்ணாடி வளையல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அண்ணன் வேலை சரியில்லைன்னு அண்ணனை மட்டும் வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. அதை யாரும் போய் விசாரிக்க மாட்டாங்க."

அவள் எப்போதுமே கெட்டிக்காரி. அப்பா மறுநாள் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பங்காளி வந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எனக்கு வேலை இல்லை என்று அன்று பொதுவில் சிரித்தவர் அவர். இப்போது வேலை போனதற்கும் அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது.

சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, தங்கைக்குக் குங்குமப்பூ. கூடத்தில் துக்கம் விசாரிப்பவர்கள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் பார்க்காமல் என் அம்மாவிடம், "நல்லவேளைங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் போச்சு" என்றார். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"சும்மா எடுக்க மாட்டாங்களே தம்பி. என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன். அந்த ஒரு வருஷத்தில் நான் அவர்களிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் அதை நம்பவில்லை.

அப்போது அப்பா ஆரம்பித்தார். "என்ன பண்ணியிருப்பான்? பொழுது விடிஞ்சு எந்திரிச்சா எந்த மொதலாளிங்க வச்சிருப்பான்? எத்தனை பேரு கையக் காலப் புடிச்சு வாங்குன வேலை! ராசா மாதிரி உக்காந்துருந்தான்!" குரல் உடைந்தது. அவர் இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். தங்கை என்னைப் பார்த்து, தலையைக் குனிந்துகொள் என்று கண்ணால் சொன்னாள். குனிந்துகொண்டேன்.

கார் பாலத்தைத் தாண்டிப் போகும்வரை எல்லோரும் வாசலில் நின்றோம். கதவைச் சாத்திவிட்டு அப்பா திரும்பினார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். நானும் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஒரு வேலைய ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்ல" என்றார்.

"அப்பா, அவங்க போய்ட்டாங்கப்பா."

"நல்லாத்தானடா இருந்தே? பத்திரிகையில போட்டுச்சு, பிளெக்ஸுல போட்டுச்சு. ஊரே மேனேஜரு மேனேஜருன்னுச்சு. ஏன்டா விட்டே?" சொல்லிக்கொண்டே குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். ஏதாவது சமாதானம் சொல் என்பது போலப் பார்த்தாள். தங்கை ஆப்பிளைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை கிராம நிர்வாக அலுவலர் சொன்ன சொல் தவறவில்லை. "கேள்விப்பட்டேன் தம்பி, மனசத் தளர விடாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் ஆறுதல் சொல்லிவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். அன்றைக்கே தஞ்சாவூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டேன்.

"எதுக்கு?" என்றார். "அதான் வேலை போயிருச்சே, இன்னும் என்ன பஸ்ஸு?"

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். செய்யவில்லை.